சினிமாவைக் கண்டுபிடித்தவர் யார்? ஐந்து வரிகளில் எழுதுக

கேள்வி: மார்ச் 2, இரவு 9.40

மகளுக்கு ஒன்பது வயது. "சினிமாவைக் கண்டுபிடித்தவர் யார்? ஐந்து வரிகளில் எழுதுக" என்று வீட்டுப்பாடம் வந்திருக்கிறது. நான் எடிசன் என்றேன். அவள் தாத்தா லூமியேர் சகோதரர்கள் என்கிறார். அவள் பார்த்த ஏதோ ஒரு வீடியோவில் லெ பிரான்ஸ் என்று ஒருவரைச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் இப்போது மூன்று கட்சி. ஒரே ஒரு பெயர் சொன்னால் போதும். மாதக் கடைசியில்தான் நோட்டைக் கொடுக்க வேண்டும், அவசரம் இல்லை.

பதில்: மார்ச் 2, இரவு 10.20

மூன்று பேரும் சரி, அதுதான் சிக்கல். நகரும் காட்சியைச் சுருளில் பிடித்தாலே சினிமா என்றால் லூயி லெ பிரான்ஸ்: 1888, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரம், ஒரு தோட்டத்தில் நாலு பேர் சுற்றி நடக்கும் இரண்டு நொடிப் படம். பெட்டிக்கு மேல் குனிந்து ஒருவர் மட்டும் எட்டிப் பார்ப்பதும் சினிமாதான் என்றால் எடிசன், 1893. கூட்டமாக உட்கார்ந்து, காசு கொடுத்து, திரையில் பார்த்தால்தான் சினிமா என்றால் லூமியேர் சகோதரர்கள், பாரிஸ், 1895 டிசம்பர் 28. அதற்கும் கிட்டத்தட்ட இரண்டு மாதம் முன்னால், நவம்பர் 1 அன்று, பெர்லினில் ஸ்க்லாடனோவ்ஸ்கி சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டிவிட்டார்கள். உங்கள் வீட்டில் நாலாவது கட்சியையும் தொடங்கி வைத்ததற்கு மன்னிக்கவும்.

நான் சொல்வது இதுதான்: பெயரை விடுங்கள். ஒவ்வொருவரும் எந்த இடத்தில் மாட்டிக்கொண்டு முழித்தார்கள், அடுத்து வந்தவர் அந்த முடிச்சை எப்படி அவிழ்த்தார் என்று சொல்லுங்கள். குழந்தைகளுக்குப் பெயர் மறந்துவிடும், முடிச்சு மறக்காது.

மார்ச் 2, இரவு 11.50

லெ பிரான்ஸ் பெயரை எடுத்துவிட்டுத் தூங்கப் போக முடியவில்லை. அவர் கதையைக் குழந்தைகளிடம் தொடங்கினால் அன்றைக்கு வேறு எதுவும் நடக்காது. 1890 செப்டம்பர் 16 அன்று பிரான்சின் திஜோன் நகரில் பாரிஸ் ரயிலில் ஏறினார். பாரிஸில் இறங்கவில்லை. ஆளும் இல்லை, பெட்டியும் இல்லை, உடலும் கிடைக்கவில்லை. கண்டுபிடிப்பை ஊருக்குக் காட்ட ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்த நேரம் அது. என்னிடம் கதை கேட்ட ஐந்து பேரும் ஆளுக்கொரு கொலையாளியைப் பிடித்துக் கொடுத்தார்கள். ஆதாரம் யாரிடமும் இல்லை, அன்றும் சரி, இன்றும் சரி. இதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான் முதலில் சொல்லிக் கெடுத்துக்கொண்டேன்.

மார்ச் 3, காலை 7.15

ஐந்து பேர் யார் என்று கேட்டிருக்கிறார்கள். அக்கா பிள்ளைகள் இருவர், அவர்களுடைய கூட்டாளிகள் மூவர். ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வரை. போன விடுமுறையில் ஞாயிறுதோறும் என் தலையில் கட்டப்பட்டவர்கள். அப்போது செய்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன். எனக்குப் பாடம் நடத்திப் பழக்கம் இல்லை.

தொடக்கம் அறையிலிருந்து. ஜன்னலை அட்டையால் அடைத்து, நடுவில் ஒரு துளை போட்டேன். உள்ளங்கை அளவு. எதிர்ச் சுவரில் ஒரு வெளிச்சத் திட்டு விழுந்தது, அவ்வளவுதான். பெரியவன் மரியாதையாகக் கொட்டாவி விட்டான். பிறகு அந்தத் துளைமேல் இன்னொரு அட்டையை ஒட்டி, சுண்டுவிரல் மட்டும் நுழைகிற மாதிரி ஓட்டை போட்டோம். கதவுக்கு அடியில் வெளிச்சம் கசிந்தது, போர்வையை மடித்துச் செருகினோம். இருட்டில் ஐந்து நிமிடம் சும்மா உட்காரச் சொன்னேன், கண் பழக வேண்டும் என்று. ஐந்து பேர் ஐந்து நிமிடம் சும்மா இருந்தது தனிச் சாதனை.

கடைக்குட்டிதான் முதலில் பார்த்தாள். "மாமா, துணியெல்லாம் மேலே பார்த்துத் தொங்குது!" எதிர் மாடிக் கொடியில் காய்ந்த துணிகள் சுவரில் தலைகீழாக, முழு வண்ணத்தில், காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. வானம் தரைப் பக்கம் கிடந்தது. ஒருவர் வந்து துணிகளை எடுத்தார். கூரையில் நடக்கும் பல்லி மாதிரி இருந்தார். கேமராவும் இல்லை, மின்சாரமும் இல்லை, ஓர் அட்டையும் துளையும்தான்.

வெளிச்சம் நேர்கோட்டில் போகும். துணியின் மேல்முனையிலிருந்து கிளம்பும் வெளிச்சம் துளை வழியாகச் சாய்ந்து கீழே விழும், கீழ்முனையிலிருந்து கிளம்புவது மேலே போய் விழும். அதனால்தான் தலைகீழ். துளை பெரிதானால் ஒரே படம் ஆயிரம் இடத்தில் விழுந்து ஒன்றையொன்று மூடிவிடும், மிஞ்சுவது வெறும் திட்டு. இந்த இரண்டாவது விஷயம் நான் முதலில் தப்பாகச் செய்ததால்தான் அவர்களுக்குப் புரிந்தது. நீங்களும் முதலில் பெரிய துளையே போடுங்கள்.

கேமரா என்ற லத்தீன் சொல்லுக்கு அறை என்றே பொருள். "அப்ப நாம கேமராவுக்குள்ள இருக்கோமா?" ஆமாம். போனுக்குள் இருப்பதும் அதே இருட்டறைதான், சில மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுருங்கிவிட்டது. துளை இருந்த இடத்தில் லென்ஸ், சுவர் இருந்த இடத்தில் சென்சார்.

மார்ச் 3, மதியம் 1.05

"கேமராவைக் கண்டுபிடித்தவர் இப்னு அல்-ஹைதம், அவரை ஏன் விட்டீர்கள்?" என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். சுமார் ஆயிரம் ஆண்டுக்கு முன், கெய்ரோவில் இருந்து ஒளியைப் பற்றி எழுதிய அவர் மிகப் பெரிய ஆள், மறுக்கவில்லை. ஆனால் துளை வழியே படம் தலைகீழாக விழுவது, அவருக்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள் முன்பே, சீனத்தில் மோ ட்சுவின் பெயரில் உள்ள நூலில் பதிவாகியிருக்கிறது. பார்த்தீர்களா, முதல் ஆள் யார் என்று கேட்டால் இப்படித்தான் பின்னால் போய்க்கொண்டே இருக்கும்.

மார்ச் 3, மதியம் 1.20

இன்னொன்று. "நம்ம கண்ணும் அறைதானா? அப்ப நமக்கு ஏன் தலைகீழாத் தெரியலை?" என்று பத்து வயதுக்காரி கேட்டாள். நான் தண்ணீர் குடிக்கப் போனேன். விழித்திரையில் படம் தலைகீழாகத்தான் விழுகிறது என்று கெப்ளர் 1604-லேயே எழுதிவிட்டார். அதற்குமேல் மூளையின் வேலை. மூளைக்கு மேல் எது, கீழ் எது என்று தெரிவது கை கால் உலகத்தோடு உரசிப் பழகியதால்; உள்ளே யாரும் உட்கார்ந்து படத்தைத் திருப்பிப் போடுவதில்லை. இதை ஏழு வயதுக்குச் சொல்ல எனக்கு வரவில்லை. வருகிறவர்கள் எழுதுங்கள்.

மார்ச் 5, இரவு 8.30

அடுத்த முடிச்சு: சுவரில் விழுந்த படத்தை எப்படிப் பிடித்து வைப்பது? வெயில் சாய்ந்ததும் துணிகள் மறைந்தன, கடைக்குட்டி அழாத குறை.

நீல நிறச் சார்ட் தாள் ஒன்றை ஜன்னலில் வெயில் படுகிற மாதிரி வைத்து, அதன்மேல் ஒரு சாவியை வைத்தோம். நாலு நாள் யாரும் தொடக் கூடாது. சாவியை எடுத்தபோது சுற்றிலும் தாள் வெளுத்திருந்தது, நடுவில் கரு நீலத்தில் சாவி, பற்கள் உட்பட. அதைப் பெருமையாகச் சுவரில் ஒட்டினார்கள். ஒட்டிய இடம் வெளிச்சமான இடம். மூன்றாவது ஞாயிறு பார்த்தால் சாவியும் வெளுக்கத் தொடங்கியிருந்தது. படத்தை வரைந்த வெயிலே அதைத் தின்றது.

இதே இடத்தில்தான் தாமஸ் வெட்ஜ்வுட் மாட்டிக்கொண்டார். 1802-ல் வெளியான குறிப்பு: வெள்ளி உப்புத் தடவிய தாளில் இலை முதலியவற்றின் உருவம் விழுந்தது, ஆனால் நிறுத்த வழி தெரியவில்லை. பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் தாள் முழுவதும் கறுத்துவிடும். மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான் எடுத்துப் பார்க்க முடியும். இதைச் சொன்னதும் ஒருவன் சாவிப் படத்தைக் கழற்றி அலமாரிக்குள் ஒளித்துவைத்தான். வரலாறு அன்றைக்கு ஒருவனுக்காவது புரிந்தது.

பிரான்சில் நீயெப்ஸ் வேறு வழியாகப் போனார். தார் வகையைச் சேர்ந்த ஒரு பொருளை உலோகத் தகட்டில் பூசினார். வெளிச்சம் பட்ட இடத்தில் அது இறுகும், படாத இடத்தை லாவண்டர் எண்ணெயால் கழுவி எடுத்துவிடலாம். கழுவியபின் வெளிச்சத்துக்குப் பயப்பட வேண்டாம். 1826 அல்லது 1827-ல் தன் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து தெரிந்ததை இப்படிப் பிடித்தார். குறைந்தது எட்டு மணி நேரம் ஆனது. அந்தப் படத்தில் எதிரெதிர்ச் சுவர் இரண்டிலும் வெயில் அடிக்கும். காலை வெயிலும் மாலை வெயிலும் ஒரே படத்தில். குழந்தைகளிடம் படத்தைக் காட்டி "இதில் மணி என்ன?" என்று கேளுங்கள். நல்ல சண்டை நடக்கும்.

வெள்ளி உப்பைக் கழுவி எடுக்கும் வழியை ஜான் ஹெர்ஷெல் சொன்னார். ஹைப்போ. ஃபிலிம் காலத்து இருட்டறையில் நின்றவர்களுக்கு அந்தப் பெயர் கேட்டதுமே மூக்கில் வாடை அடிக்கும். வெள்ளி உப்பை அது கரைக்கும் என்பதை 1819-லேயே கண்டிருந்தார், படத்துக்கு அது உதவும் என்று 1839-ல்தான் தெரிந்தது. விடை இருபது ஆண்டு முன்பே தயாராக இருந்தது, கேள்விதான் வரவில்லை.

மார்ச் 5, இரவு 9.10

முக்கியமானதை மறந்துவிட்டேன். தாகேர் 1838-ல் பாரிஸில் ஒரு பெரிய சாலையைப் படம் எடுத்தார். பகல் நேரம், வண்டியும் ஆளுமாக இருந்திருக்க வேண்டிய சாலை. படத்தில் ஈ காக்கை இல்லை. தகட்டில் படம் விழச் சில நிமிடங்கள் ஆகும். நகர்ந்துகொண்டிருந்தவர்கள் யாருமே தகட்டில் நிற்கவில்லை. ஓரத்தில் ஒருவர் மட்டும் ஒரு காலைத் தூக்கி வைத்து நிற்கிறார். யாரோ அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சும்மா நின்றதால் வரலாற்றில் விழுந்துவிட்டார்.

என்னுடைய ஐவரும் இந்தப் படத்தை அரை மணி நேரம் பார்த்தார்கள். பிறகு காட்டிய ஓடும் குதிரைப் படங்களைக்கூட அப்படிப் பார்க்கவில்லை. கடைசியில் வந்த கேள்வி: "அவர் பேர் என்ன?" பெயர் இல்லை. இதற்குத் திரும்ப வருகிறேன்.

மார்ச் 8, மாலை 6.00

"கேட்டது சினிமா, நீங்கள் ஃபோட்டோவிலேயே நிற்கிறீர்கள்." சரி, நகர்வோம். ஆனால் நகரும் படம் ஃபோட்டோவுக்குப் பிறகு வந்தது என்று நினைத்தால் தப்பு. இரண்டும் தனித்தனியாகப் பிறந்து வளர்ந்து பிறகு கல்யாணம் செய்துகொண்டவை.

1820-களில் ஒரு விளையாட்டுச் சாமான் வந்தது. வட்ட அட்டை, ஒரு பக்கம் பறவை, மறுபக்கம் கூண்டு, இரு ஓரத்திலும் நூல். நூலை முறுக்கி விட்டால் பறவை கூண்டுக்குள் வந்துவிடும். நாங்களும் செய்தோம். பறவை கூண்டுக்குள் வந்தது, தலைகீழாகச் செத்துக் கிடந்தது. இடமும் வலமும் நூல் கட்டினால் அட்டை மேலிருந்து கீழாகப் புரளும், ஆகவே பின்பக்கப் படத்தைத் தலைகீழாக வரைய வேண்டும். இது என் மண்டையில் ஏறவில்லை. ஒன்பது வயதுக்காரன் அட்டையை ஒரு முறை மெதுவாகப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

அடுத்து உருளை. அட்டையை டப்பா மாதிரி வளைத்து, உள்பக்கம் பன்னிரண்டு படம் ஒட்டி (பந்து துள்ளுகிற மாதிரி), அடியில் பம்பரம் வைத்துச் சுற்றினோம். மேலிருந்து எட்டிப் பார்த்தால் வெறும் சாம்பல் பட்டை. அப்புறம் டப்பாவின் மேல் பாதியில் பன்னிரண்டு கீறல் வெட்டி, அதன் வழியாகப் பக்கவாட்டில் பார்த்தோம். பந்து துள்ளியது! கீறல்தான் ரகசியம். ஒவ்வொரு படத்தையும் ஒரு கணம் காட்டி உடனே மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் எல்லாம் கலந்து கூழாகிவிடும்.

இந்தக் கீறலை 1832-ல் யோசித்தவர் பெல்ஜியத்தின் ஜோசஃப் பிளாட்டோ. அவருடையது தட்டு, கண்ணாடி முன் பிடித்துச் சுற்ற வேண்டும். ஏறத்தாழ அதே சமயம் வியன்னாவில் ஸ்டாம்ஃபரும் அதையே செய்தார், ஒருவரை ஒருவர் கேட்காமல். பிளாட்டோவுக்குப் பிற்பாடு பார்வை முழுவதுமே போய்விட்டது. பார்வை போனபிறகும் நாற்பது ஆண்டுகள் ஆராய்ச்சி செய்தார், சோதனைகளை மற்றவர்கள் செய்து சொல்ல. இதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் யாரும் உருளையைச் சுற்றவில்லை.

கீறலில் ஒரு கஷ்டம் உண்டு: இருட்டு. அவ்வளவு மெல்லிய இடைவெளியில் எவ்வளவு வெளிச்சம் வரும்? இந்தக் கஷ்டத்தை மறக்காமல் வையுங்கள், எடிசனுக்கு இதுவேதான் வரப்போகிறது.

மார்ச் 8, இரவு 10.45

"புகைப்படத்தில் புகை எங்கே?" என்று பத்து வயதுக்காரி கேட்டது இப்போது ஞாபகம் வருகிறது. ஒளிப்படம் என்று சொல்லித் தப்பித்தேன். ஹெர்ஷெல் பரப்பிய ஃபோட்டோகிராஃபி என்ற சொல்லும் கிரேக்கத்தில் ஒளியால் எழுதுவதுதான். நெகட்டிவ், பாசிட்டிவ் என்ற பெயர்களும் அவர் வைத்தவை. சாவிப் படம் நெகட்டிவா பாசிட்டிவா என்று கேட்டுப் பாருங்கள். வெளிச்சம் பட்ட இடம் வெளுத்தது, பாசிட்டிவ். வெள்ளி உப்பு நேர் எதிர், பட்ட இடம் கறுக்கும்.

மார்ச் 10, காலை 6.50

திருத்தம், பெரிய திருத்தம். மேலே நான் எழுதாவிட்டாலும் அந்த ஐவரிடம் வாயால் சொன்னது: "ஒரு படம் மறைந்தபிறகும் கண்ணில் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும், அடுத்தது அதன்மேல் வந்து சேர்வதால் நகர்கிற மாதிரித் தெரிகிறது." பாதிப் புத்தகங்களில் இப்படித்தான் இருக்கிறது. யோசித்தால் ஓட்டை தெரியும். ஒட்டிக்கொண்டால் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கூழாகத்தானே ஆக வேண்டும்? கீறல் இல்லாத உருளையில் அதைத்தானே பார்த்தோம்? கூண்டுப் பறவைக்கு அந்த விளக்கம் ஓரளவு பொருந்தும், அங்கே கலப்பதுதான் வேலை. துள்ளும் பந்துக்குப் பொருந்தாது. பந்து இங்கே இருந்தது, இப்போது அங்கே இருக்கிறது, ஆகவே நகர்ந்தது என்று மூளை முடிவு கட்டிக்கொள்கிறது. 1912-ல் வெர்த்தைமர் என்ற உளவியலாளர் இதைச் சோதித்துக் காட்டினார்.

ஞாயிறு வரும்போது ஐவரிடமும் தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். பெரியவன் கொண்டாடுவான்.

இதோடு ஒட்டி ஒன்று. ஃபிலிம் ஓடுகிற திரையரங்கில் நொடிக்கு 24 படம். ஒவ்வொரு படமும் இறங்கும் நேரத்தில் ஷட்டர் மூடிக்கொள்ளும், திரை இருட்டாகும். 24 முறை மட்டும் மூடித் திறந்தால் கண்ணில் மினுக்கும், அதனால் படம் நிற்கும்போதே நடுவில் இன்னொரு முறை மூடித் திறப்பார்கள், 48 ஆகிவிடும். மொத்தத்தில் இரண்டு மணி நேரப் படத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் முழு இருட்டில் உட்கார்ந்திருக்கிறோம். டிஜிட்டலில் இந்த இருட்டு இல்லை. எனக்கு அது ஒரு குறை.

மார்ச் 11, இரவு 9.30

எடிசன், லூமியேர். இப்போது சொன்னால் புரியும்.

முதலில் குதிரை. 1878-ல் கலிஃபோர்னியாவில் மைபிரிட்ஜ் பன்னிரண்டு கேமராவை வரிசையாக வைத்து, ஓடுபாதைக்குக் குறுக்கே கம்பிகள் இழுத்து, குதிரை தட்டத் தட்ட ஒவ்வொன்றாகப் படம் எடுக்க வைத்தார். நாலு குளம்பும் தரையை விட்டு எழும்பும் கணம் உண்டு என்று தெரிந்தது. வேடிக்கை என்னவென்றால், ஓவியர்கள் வரைந்த மாதிரிக் கால்களை விரித்தபோது அது நடக்கவில்லை, வயிற்றுக்கடியில் மடக்கியபோது நடந்தது. பந்தயத்துக்காக எடுத்தார் என்ற கதைக்கு ஆதாரம் இல்லை. சுவையான கதைதான், விட்டுவிடுங்கள்.

பன்னிரண்டு கேமரா வைத்து ஊரெல்லாம் அலைய முடியாது. நீளமான, வளைகிற ஃபிலிம் சுருள் வேண்டும். ஈஸ்ட்மன் கம்பெனி அதைச் செய்து விற்கத் தொடங்கியதும், எடிசனிடம் வேலை பார்த்த டிக்சன் அதை 35 மி.மீ. அகலத்துக்கு வெட்டி, ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்துக்கு நாலு துளை போட்டார். சினிமா ஃபிலிம் அதற்குப் பிறகு நூறு ஆண்டுக்கும் மேலாக அதே அகலம், அதே நாலு துளை. மகள் எடிசன் என்று எழுதினால் பக்கத்தில் டிக்சன் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.

அவர்கள் பெட்டியில் ஃபிலிம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், சுழலும் தட்டில் ஒரு மெல்லிய கீறல் வழியாகப் பார்க்க வேண்டும். உருளையின் அதே கீறல்! அதே இருட்டு! குனிந்து பார்க்கிற ஒருவருக்குப் போதும், சுவரில் பாய்ச்ச வெளிச்சம் காணாது.

லூமியேர் தம்பி லூயி இந்த முடிச்சை அவிழ்த்த விதம்தான் எனக்கு மொத்தக் கதையிலும் பிடித்த இடம். தையல் மிஷின். ஊசி கீழே இருக்கும்போது துணி நிற்கும், ஊசி மேலே போனதும் பல்லு துணியை ஓர் எட்டுத் தள்ளும். ஃபிலிமையும் அப்படியே நிறுத்தி, காட்டி, மூடி, கொக்கியால் இழுத்து, மறுபடி நிறுத்தினார், நொடிக்குப் பதினாறு முறை. நின்ற படத்தின் வழியாக வேண்டிய மட்டும் வெளிச்சத்தைப் பாய்ச்சலாம். அக்கா வீட்டு மிஷினைத் திறந்து அந்தப் பல்லைக் காட்டினேன். ஊசியின் கீழ் விரலை நீட்டினான் ஒருவன். கண்டிப்பாகப் பெரியவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

ரயில் வருவதைத் திரையில் பார்த்து ஜனங்கள் அலறி ஓடினார்கள் என்று யாரோ எழுதுவதற்குள் சொல்லிவிடுகிறேன்: முதல் காட்சியில் காட்டிய பத்துப் படங்களில் ரயிலே இல்லை, அது பிறகு வந்தது. அலறி ஓடியதற்கு அன்றைய சான்றும் கிடையாது.

மார்ச் 15, மாலை 5.20

டிவியும் கேட்கிறீர்கள். இதற்கு என்னிடம் நல்ல விளையாட்டு ஒன்று இருக்கிறது.

கட்டம் போட்ட தாள் இரண்டு, 16-க்கு 16, மொத்தம் 256 கட்டம். ஒன்றில் பூனைப் படம், கட்டங்களைக் கறுப்பாக நிரப்பி. அதை ஒருத்தி கையில் வைத்துக்கொண்டு, முதல் வரிசை இடமிருந்து வலம், பிறகு இரண்டாம் வரிசை என்று "வெள்ளை, வெள்ளை, கறுப்பு..." என்று படிக்க வேண்டும். திரைக்கு அந்தப் பக்கம் ஒருவன் தன் தாளில் நிரப்ப வேண்டும். பார்க்கக் கூடாது. இருபது நிமிடம் ஆனது. வந்த பூனைக்கு ஒரு காது தாளின் வலப்பக்க ஓரத்தில் இருந்தது. நடுவில் ஒரு "வெள்ளை"யைத் தவற விட்டிருக்கிறான், அதற்குப் பிறகு எல்லாமே ஒரு கட்டம் தள்ளிப்போய்விட்டது. பழைய டிவியில் படம் சாய்ந்து கிழிந்து ஓடும், தலையில் தட்டுவோமே, ஞாபகம் இருக்கிறதா? அதேதான். இரண்டாவது முறை அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: ஒவ்வொரு வரிசை முடிந்ததும் ஒரு விசில். விசில் கேட்டால் எங்கே இருந்தாலும் அடுத்த வரிக்குப் போய்விட வேண்டும். டிவி சமிக்ஞையிலும் ஒவ்வொரு கோட்டின் முடிவில் அப்படி ஒரு துடிப்பு உண்டு என்று சொன்னபோது முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

படத்தைக் கோடு கோடாக உடைக்கும் துளைத் தட்டுக்கு நிப்கோ 1884-ல் காப்புரிமை கேட்டார். மாணவர், வயது 23. செய்து காட்ட அந்தக் காலத்தில் மின்னணுப் பெருக்கி இல்லை. நாற்பது ஆண்டு கழித்து பெயர்டு அதே தட்டை வைத்து லண்டனில் உயிர்கொடுத்தார், பழைய பெட்டி, தையல் ஊசி, சைக்கிள் விளக்கு லென்ஸ் எல்லாம் சேர்த்து. மொத்தம் 30 கோடு. விளக்குச் சூடு தாங்காது என்று முதலில் ஒரு பொம்மைத் தலையை உட்கார வைத்தார். 1925 அக்டோபரில் முகம் தெளிவாக விழுந்ததும் கீழே ஓடி, டெய்ன்டன் என்ற அலுவலகப் பையனைக் கையோடு இழுத்து வந்து உட்கார வைத்தார். அவன் சூட்டில் நெளிந்து விலகிப் போக, காசு கொடுத்து மறுபடி உட்கார வைத்தார் என்று கதை. டிவியில் தோன்றியதற்கு முதல் சம்பளம்.

அமெரிக்காவில் ஃபார்ன்ஸ்வொர்த்துக்குப் பதினாலு வயதில் யோசனை வந்தது, வயலில் உழவுச் சால் வரிவரியாகப் போவதைப் பார்த்து. சுழலும் தட்டே இல்லாமல் எலக்ட்ரான் கற்றையால் அப்படி உழலாமே என்று. 1927 செப்டம்பர் 7 அன்று அனுப்பிக் காட்டினார்: ஒரே ஒரு கோடு. அதற்குமுன் 1926 டிசம்பரில் ஜப்பானில் தகயனாகி ஓர் எழுத்தை எலக்ட்ரான் குழாய்த் திரையில் காட்டியிருந்தார். யார் முதல் என்று கேட்டால், மறுபடியும் மார்ச் 2-க்குப் போகவும்.

மார்ச் 16, காலை 8.00

பூனைத் தாளின் அடுத்த கட்டம் டிஜிட்டல். 1957-ல் ரஸல் கிர்ஷ் தன் மூன்று மாதக் குழந்தையின் படத்தைக் கணினிக்குள் ஏற்றினார், 176-க்கு 176. முப்பதாயிரத்துச் சொச்சம் கட்டம். எங்கள் பூனையைவிட நூற்று இருபது மடங்கு, அவ்வளவுதான் வித்தியாசம். 1975-ல் கோடாக்கில் ஸ்டீவ் சாஸன் செய்த டிஜிட்டல் கேமரா 3.6 கிலோ, 100-க்கு 100 கட்டம், ஒரு படத்தைக் கேசட்டில் பதிய 23 நொடி. ஃபிலிம் விற்கிற கம்பெனிக்குள்ளேயே ஃபிலிமுக்கு எமன் பிறந்தது. பிள்ளைகள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, கேசட் என்றால் என்ன என்றுதான் கேட்டார்கள். அந்தப் பதிலுக்கு ஒரு ஞாயிறு போனது.

மார்ச் 19, இரவு 11.15

மார்ச் 2-ல் எழுதியதை மறுபடி படித்தேன். "பெயரை விடுங்கள், குழந்தைகளுக்குப் பெயர் மறந்துவிடும்." அப்படியா? நேற்று அந்த ஐவரையும் சும்மா கேட்டுப் பார்த்தேன். நீயெப்ஸ் யாருக்கும் ஞாபகம் இல்லை. லூமியேரை ஒருவன் "தையல் மிஷின்காரர்" என்றான். ஆனால் டெய்ன்டன் ஐந்து பேருக்கும் தெரியும். லெ பிரான்ஸ் தெரியும். ஷூ பாலிஷுக்கு நின்றவருக்குப் பெயர் இல்லை என்பது கடைக்குட்டிக்கு இன்னும் ஆறவில்லை; அவளே ஒரு பெயர் வைத்திருக்கிறாள், என்னவென்று சொல்ல மாட்டாளாம்.

ஆக, கண்டுபிடித்தவர் பெயர்தான் நிற்கவில்லை. மாட்டிக்கொண்டவர் பெயர் நிற்கிறது. நான் சொன்னது பாதி தப்பு.

மார்ச் 28, மாலை 7.40

கேள்வி கேட்டவர் நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார். பெரிதாக்கிப் படித்தேன்:

"சினிமாவை ஒருவர் கண்டுபிடிக்கவில்லை. ஒருவர் துளை போட்டார். ஒருவர் படத்தை அழியாமல் வைத்தார். ஒருவர் ஃபிலிமைத் தையல் மிஷின் மாதிரி நிறுத்தி நிறுத்தி இழுத்தார். ஒருவர் ரயிலில் ஏறினார், இறங்கவில்லை."

கீழே சிவப்பு மையில் "பெயர்கள்?" என்று இருக்கிறது. அவளுக்கு ஐந்தாவது வரியின் பெயர் மட்டும்தான் தெரியுமாம். மற்றவற்றை நாளைக்குள் எழுத வேண்டுமாம். அப்பா எடிசன் என்கிறாராம், எந்த வரிக்கு என்று சொல்லாமல்.